எண்கள் சொல்லாத கார்வை

கிற்றாரில் ஃபிங்கர்ஸ்டைல் முறையில், அதாவது தந்திகளை விரல்களால் தனித்தனியே மீட்டி, ஒரு பாடலை வாசிக்க விரும்புகிறவர் முதலில் தேடுவது பெரும்பாலும் அதன் டேப்லேச்சரைத்தான். ஆறு கோடுகள், கோட்டுக்கு ஒரு தந்தி. மேலே இருப்பது மிக மெல்லிய முதலாம் தந்தி, கீழே இருப்பது மிகத் தடித்த ஆறாம் தந்தி. கோட்டின் மேல் எழுதப்பட்ட எண், அந்தத் தந்தியை எந்த ஃபிரெட்டில் (கிற்றாரின் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட கட்டங்களில் எதில்) அழுத்த வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பூச்சியம் என்றால் அழுத்தாமல் திறந்தபடி மீட்ட வேண்டும். மேலைத்தேயச் சுரக்குறிப்பை வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை கூட, அரை மணி நேரத்தில் இதைப் புரிந்துகொண்டு கையை வைக்கத் தொடங்கிவிடும். இன்று யாழ்ப்பாணத்தில் கிற்றார் பழகும் பிள்ளைகளில் பலர் கைத்தொலைபேசியில் ஓடும் காணொளியையும் அதன் கீழே நகரும் இந்த எண்களையும் பார்த்தே பழகுகிறார்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அந்த எண்கள் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. மீட்டிய சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அது எந்தக் குரலுக்கு (மெட்டுக்கா, கீழ்ச்சுரத்துக்கா, இடையில் நிரப்புவதற்கா) உரியது என்ற இரண்டையும் டேப்லேச்சர் சொல்வதில்லை. ஃபிங்கர்ஸ்டைல் வாசிப்பில் கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டும்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்த முறையில் வலது கையின் பெருவிரல் ஆறாம், ஐந்தாம், நான்காம் தந்திகளில் பேஸை, அதாவது தாழ்ந்த கீழ்ச்சுரங்களை, எடுத்துச் செல்கிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் மோதிரவிரலும் முறையே மூன்றாம், இரண்டாம், முதலாம் தந்திகளைக் கவனித்துக்கொள்கின்றன. பாடகரின் மெட்டு, அதற்குக் கீழே ஓடும் பேஸ், இரண்டுக்கும் இடையில் நிரப்பும் சுரங்கள் ஆகிய மூன்றையும் ஒரே கை சுமக்கிறது. ஒரு குறிப்பிட்ட அடியில் ஆறாம் தந்தியில் 3, மூன்றாம் தந்தியில் 0, இரண்டாம் தந்தியில் 3 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தால், மூன்றையும் ஒன்றாக மீட்ட வேண்டும் என்பது மட்டும் விளங்கும். அந்தப் பேஸ் சுரம் அடுத்த பேஸ் வரும்வரை நிற்க வேண்டும், நடுச்சுரம் உடனே ஓய்ந்துவிடலாம், மேலே உள்ளது மெட்டின் நீண்ட சுரம், ஆகவே அது மற்ற இரண்டையும் விட உரத்துக் கேட்டு அடுத்த சொல் வரும்வரை அறாமல் நீள வேண்டும் என்பவற்றை அந்த மூன்று எண்களும் சொல்வதில்லை. மூன்றும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் நிற்கின்றன. அப்படியே வாசிக்கும் பிள்ளையின் கையில் எல்லாச் சுரமும் சரியாக இருக்கும். பாட்டு மட்டும் கேட்காது.

டேப்லேச்சர் புதிதாக வந்த குறுக்கு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. 1507ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பெத்ரூச்சி என்ற அச்சாளர் ஸ்பினாச்சினோ என்ற கலைஞரின் லூட் (பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) இசையை டேப்லேச்சரில் அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். அந்த இத்தாலிய முறையில் மேற்கோடு தடித்த தந்தியைக் குறித்தது. 1536இல் ஸ்பெயினின் வலென்சியாவில் லூயிஸ் மிலான், கிற்றாரைப் போன்ற விஹுவேலா என்ற வாத்தியத்துக்காக வெளியிட்ட நூலில் இன்று நாம் பழகிய ஒழுங்கில் மெல்லிய தந்தி மேலே வந்தது. இவற்றை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பழைய ஏடுகளில் எண்களுக்கு மேலே சிறு கொடிகளைப் போன்ற குறிகள் இருக்கும். ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையிலான கால அளவை அவை காட்டின. தட்டச்சு எழுத்துகளாலும் கோடுகளாலும் இணையத்தில் பரவிய எளிய டேப்லேச்சரில் அந்தக் கொடிகளும் போய்விட்டன. ஆனால் கொடிகள் இருந்த காலத்திலும் அடுத்த மீட்டு எப்போது என்பதுதான் தெரிந்ததே ஒழிய, முன்பு மீட்டிய சுரம் எதுவரை நிற்க வேண்டும் என்பது தெரியவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக இந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது; அதை வாசிப்பவர் தன் காதால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் கிற்றாரைத் தொடும் பிள்ளைகளில் கணிசமானோர் அதற்கு முன்பே வாய்ப்பாட்டோ வயலினோ பழகி, வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளில் சிலவற்றுக்காவது தோற்றியவர்கள். அவர்களுடைய கொப்பிகளில் சுரங்கள் கார்வையோடு, அதாவது எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்ற அளவோடு, எழுதப்பட்டிருக்கும். குறில் எழுத்து ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை), நெடில் இரண்டு. காற்புள்ளி ஒன்றை நீட்டும், அரைப்புள்ளி இரண்டை நீட்டும். மேலே போட்ட கோடு வேகத்தை இரட்டிக்கும். புள்ளி மேலே இருந்தால் மேல்ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ்ஸ்தாயி. டேப்லேச்சருக்குத் தெரியாத ஒன்றைக் கூற இந்த முறைக்கு ஏற்கெனவே தெரியும். அதே நேரம் சுரக் கொப்பியில் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, இல்லை; அதை ஆசிரியரின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்தே வளர்கிறது. எழுதியிருப்பது முழுமையானது இல்லை, கேட்டு நிரப்ப வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தைக் கிற்றாரை எடுத்ததும் ஏன் கைவிட வேண்டும்? நான் ஒரு பாடலை எழுதும்போது ஆறு கோடுகளுக்கு மேலே ஒரு சுர வரியை மெட்டுக்காகவும், கோடுகளுக்குக் கீழே இன்னொரு சுர வரியைப் பேஸுக்காகவும் கார்வைக் குறிகளோடு எழுதி வைக்கிறேன். கோடுகள் கைக்கு, சுர வரிகள் காதுக்கு. கையெழுத்தில் எழுதும்போது இதற்குச் சற்று அதிக இடம் வேண்டும். வேறு இடர் எதுவும் இல்லை.

காதால் எடுப்பது என்று வரும்போது முதலில் ஆதார சட்சத்தை, அதாவது பாட்டின் அடிப்படையான ஸவைத் தேட வேண்டும். பாட்டு எங்கே வந்து இளைப்பாறுகிறதோ அந்தச் சுரத்தை வாயால் பிடித்து, சிறிது நேரம் அதையே நீட்டிப் பாடிக்கொண்டு மெட்டைக் கேட்டால், மற்றச் சுரங்கள் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது தெரியத் தொடங்கும். அதன் பிறகு மெட்டை ஸ, ரி, க என்று பாட வேண்டும். சரளி வரிசை பாடி வளர்ந்த காதுக்கு இது புதிய வேலை இல்லை. மெட்டு சங்கராபரணத்தின் சுரங்களில் போகிறதா, நடபைரவியிலா, கீரவாணியிலா என்று தெரிந்துவிட்டால், மேலைத்தேய இசையில் முறையே மேஜர், இயற்கை மைனர், ஹார்மோனிக் மைனர் என்று சொல்லப்படும் அதே சுரத் தொகுதிகள் கையில் இருக்கின்றன; எந்தக் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) வரக்கூடும் என்ற தேடலும் பெரிதும் சுருங்கிவிடுகிறது. பாடுகிறவரின் ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் கட்டைக் கணக்கும் இங்கே உதவுகிறது. ஐந்து கட்டை என்பது மேலைத்தேயப் பெயரில் ஜி. ஐந்தரைக் கட்டையில் பாடப்பட்ட பாட்டில் திறந்த தந்திகளின் முழக்கம் கேட்டால், வாசித்தவர் முதலாம் ஃபிரெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) போட்டு ஜி வடிவங்களைப் பிடித்திருக்கக் கூடும் என்று ஊகித்து, அங்கிருந்து சோதிக்கத் தொடங்கலாம்.

இந்தத் தூரக் கணக்கைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் என் பெரியம்மாவின் மகன். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்ட பிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டார்கள். அந்தக் காலத்தைக் கண்டவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அண்ணா அப்போது தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றுகிறவரின் கை களைத்தால் நாடாவின் ஓட்டம் தளரும். ஓட்டம் தளர்ந்தால் சுருதி இறங்கும். ஒரே பாட்டு தொடக்கத்தில் ஒரு சுருதியிலும் முடிவில் இன்னொரு சுருதியிலும் நிற்கும். அந்த ஒலியோடு கிற்றாரைச் சுருதி சேர்க்க முடியாது. ஆகவே அவர் தனிச் சுரங்களைத் தேடவில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு உள்ள தூரத்தை மட்டும் வாய்க்குள் பாடி வைத்துக்கொண்டார். நாடா எப்படி ஏறி இறங்கினாலும் ஸவுக்கும் பவுக்கும் இடையிலான தூரம் மாறாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் எனக்கு இதைச் சொல்லிக் காட்டியபோது, "தம்பி, முதல்ல பாடும். பாடி வந்தால் கை தேடிப் போகும். கையை முதல்ல வைச்சால் காது மூடிக்கொள்ளும்" என்றார். அன்று கேட்ட அந்த ஒழுங்கைத்தான் இன்றும் நான் பின்பற்றுகிறேன்.

மெட்டு வாயில் வந்த பிறகு, கிற்றாரில் முதலில் தேட வேண்டியது பேஸை. பலர் மெட்டை எடுத்துவிட்டு அதற்குப் பொருத்தமான கோர்ட்டைக் கீழே சேர்க்கிறார்கள். பாட்டோடு பொருந்தும் ஏதோ ஒன்று கிடைக்கும், ஆனால் வாசித்தவர் வைத்தது கிடைக்காது. பஞ்சமத்தில், அதாவது பவில், நிற்கும் ஒரு மெட்டின் கீழே ஸ ஒலித்தால் அது ஒரு நிலை. அதே பஞ்சமத்தின் கீழே க வந்தால் இன்னொன்று. த வந்தால் முற்றிலும் வேறு. மெட்டில் ஒரு சுரமும் மாறாமல் உணர்வு மாறுகிறது. இங்கே ஒரு நடைமுறைத் தடை உண்டு. ஆறாம் தந்தி திறந்து ஒலிக்கும்போது அதன் அடிப்படை அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 82. கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. 165, 247 என்று அதன் மடங்குகளில் ஒலிக்கும் மேலொலிகளில் ஒரு பகுதிதான் நம் காதுக்கு வருகிறது. அவற்றைக் கொண்டு மூளை கீழ்ச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. சுரத்தின் பெயர் சரியாகக் கிடைத்தாலும், அது எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதில் தடுமாற்றம் வருவது இதனால்தான். நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெருவிரல் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒரு முறை முழுப் பாட்டுக்கும் கேட்டுவிட வேண்டும். ஆறாம் தந்தியின் ஈயை விடத் தாழ்ந்த டி அங்கே கேட்டால், அந்தத் தந்தி தளர்த்தப்பட்டிருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சுரம் தெரிந்த பிறகும் தந்தி தெரியாது. கிற்றாரின் தனிச் சிக்கல் இது. விசைப்பலகையில் ஒரு சுரத்துக்கு ஒரே ஓர் இடம்தான். முதலாம் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் ஈ, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃபிரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃபிரெட்டிலும் கிடைக்கிறது. நான்கும் ஒரே சுரம், ஆனால் ஒலியின் தன்மை நான்கு. திறந்த தந்தி பளிச்சென்று ஒலித்து நீண்டு நிற்கும். மேலே போகப் போக, குறிப்பாகச் சுற்றுக்கம்பியுள்ள தந்திகளில், ஒலி தடித்து உருண்டுவிடும். இவற்றில் எது என்பதைக் காது சொல்லாவிட்டால், கையின் எல்லைகள் சொல்லும். இரண்டு சுரங்கள் ஒன்றாக நின்று ஒலித்தால் அவை ஒரே தந்தியில் இருக்க முடியாது. ஒரு சுரம் அசைந்து கமகம் போல் கேட்டால் அது திறந்த தந்தியாக இருப்பது அரிது. மெட்டு 12ஆம் ஃபிரெட்டின் அருகே உலாவும்போது பேஸ் அறாமல் நின்றால், அந்தப் பேஸ் திறந்த தந்தியிலிருந்துதான் வருகிறது. சுற்றுக்கம்பியில் விரல் உரசும் அந்தக் கீச்சென்ற ஓசையைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எழுதி எடுக்கிறவனுக்கு அது பெரிய உதவி, ஏனென்றால் இடது கை அந்தக் கணத்தில் இடம் மாறியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

ஒலியைக் கேட்டு எடுப்பதால் வாசித்தவரின் விரலமைப்பு நமக்கு அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. கிடைக்காமல் போவதிலும் நன்மை உண்டு. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மேர்ல் டிராவிஸ், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டுமே பேஸையும் மெட்டையும் ஒன்றாக வாசித்தவர். 1930களின் இறுதியில் இளைஞராக இருந்த செட் அட்கின்ஸ் அவரை வானொலியில் மட்டுமே கேட்டார். கையைப் பார்க்க வழி இருக்கவில்லை. இவ்வளவும் ஒரு சுட்டுவிரலால் முடியும் என்று நினைக்காத அவர், பெருவிரலோடு மற்ற விரல்களையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் உலகம் முழுவதும் ஃபிங்கர்ஸ்டைல் பழகியவர்கள் பின்பற்றிய வழிகளில் அது முதன்மையான ஒன்றாகிவிட்டது. அன்று அவரிடம் டேப்லேச்சர் இருந்திருந்தால் டிராவிஸின் விரல்கள் கிடைத்திருக்கும். அட்கின்ஸின் விரல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்றைய செயலிகள் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கின்றன. யூடியூபிலேயே அந்த வசதி இருக்கிறது. ஆனால் பாதி வேகத்தில் மீட்டின் முனை மழுங்கி, இரண்டு சுரங்கள் ஒன்றாக மீட்டப்பட்டனவா, ஒன்றின்பின் ஒன்றாகவா என்பது தெளிவில்லாமல் போகிறது. முக்கால் வேகத்தில் கேட்பது என் காதுக்குப் போதும்; அதற்குக் கீழே போவதைவிட, அந்த ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றை, திரும்பத் திரும்பக் கேட்பதே பயன் தருகிறது. ஒலிப்பதிவைக் கொடுத்தால் தானாகவே சுரங்களை எழுதித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. எந்தச் சுரம் என்பதை அவை ஓரளவு சொல்கின்றன. எந்தத் தந்தி, எந்தக் குரல், எவ்வளவு கார்வை என்று வரும்போது வேலை மறுபடியும் நம்மிடமே வந்து சேருகிறது.

ஒரு பாடலை கிற்றாருக்கு அமைத்தவரே எழுதி வெளியிட்ட டேப்லேச்சர் கிடைக்குமானால் அதை வாங்கிப் பழகுவதே முறை. அவர் ஏன் ஒரு சுரத்தைத் திறந்த தந்தியில் வைத்தார், ஏன் இன்னொன்றை ஏழாம் ஃபிரெட்டில் வைத்தார் என்பது அவருடைய முடிவு, அது மதிக்கப்பட வேண்டும். அப்போதும் நான் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தாளைத் திறப்பதற்கு முன் பாட்டை மனப்பாடமாகப் பாடும் அளவுக்குக் கேளுங்கள், பேஸையும் தனியாகப் பாடிப் பாருங்கள். பிறகு அந்த எண்களைப் பார்த்தால், ஒவ்வொரு எண்ணும் எந்தக் குரலுக்கு உரியது என்பது தானே தெரியும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த ஒரு பாட்டை வைத்துக் காட்டுவது நல்லது. கிற்றாரின் வழமையான சுருதியில் ஆறாம் தந்தியிலிருந்து முதலாம் தந்திவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று வரும். ஐந்து கட்டையை, அதாவது ஜியை, ஸ என்று வைத்துக்கொண்டு இவற்றைச் சுரமாகச் சொல்லிப் பாருங்கள்: த, ரி, ப, ஸ, க, த. மோகனத்தின் ஐந்து சுரங்களும் இதிலேயே இருக்கின்றன, ஐந்தையன்றி வேறெதுவும் இல்லை. இடது கையால் எதையும் தொடாமல் ஆறு தந்திகளையும் தடவினால் ஐந்து கட்டை மோகனம் ஒலிக்கிறது. இது எனக்கு முதன்முதலில் புலப்பட்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் ஒவ்வொரு மாணவரின் முகத்திலும் காண்கிறேன். மோகனத்தில் அமைந்த "வரவீணா" கீதத்தை வாய்ப்பாட்டு வகுப்பில் பாடாத பிள்ளை நம் ஊரில் அரிது. ரூபக தாளம், ஆவர்த்தனத்துக்கு ஆறு அட்சரம்: துருதம் என்ற பகுதிக்கு இரண்டு, லகு என்ற பகுதிக்கு நான்கு. முதல் வரி க க ப , ப , என்றும் த ப ஸ , ஸ , என்றும் போகிறது. இந்த ஸ இரண்டும் மேல்ஸ்தாயி.

திறந்த தந்திகளே ராகத்தைத் தருகின்றன என்பதால், எல்லாவற்றையும் திறந்த தந்தியில் வைத்து யாழைப் போல ஒலிக்க விட வேண்டும் என்ற ஆசை எழும். மோகனத்தில் எந்தச் சுரமும் எந்தச் சுரத்தோடும் முட்டிக்கொள்வதில்லை என்பதால் அது இனிமையாகவும் இருக்கும். ஆனால் கீதத்தைப் பாடுகிறவருக்கு ஒரே ஒரு தொண்டை; ப தொடங்கும்போது க நின்றுவிடுகிறது. மெட்டு குரலாகக் கேட்க வேண்டுமென்றால் கிற்றாரிலும் அது நிகழ வேண்டும். கவை மூன்றாம் தந்தியின் 4ஆம் ஃபிரெட்டில் வைத்து, பவை இரண்டாம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் வைத்தால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கோர்ட் போலக் கேட்கும். கவைத் திறந்த இரண்டாம் தந்தியிலும், பவை அதே தந்தியின் 3ஆம் ஃபிரெட்டிலும் வைத்தால், ப வந்த கணமே க தானாக ஓய்ந்துவிடும். சுரங்களும் ஸ்தாயியும் இரண்டிலும் ஒன்றே. முதலாவதில் ஓர் இசைக்கருவி கேட்கிறது, இரண்டாவதில் பாட்டுக் கேட்கிறது. அதே காரணத்துக்காக அடுத்த தவை முதலாம் தந்தியைத் திறந்து எடுக்காமல், இரண்டாம் தந்தியிலேயே 5ஆம் ஃபிரெட்டில் சின்ன விரலால் எடுத்து, மறுபடி மீட்டாமல் விரலை இழுத்து விட்டு 3ஆம் ஃபிரெட்டின் பவுக்கு இறங்குகிறேன். பிறகு மேல் ஸ முதலாம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் வருகிறது.

பேஸுக்கு ஆறாம் தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் ஸ. அதை நடுவிரல் ஆவர்த்தனம் முழுவதும் விடாமல் பிடித்திருக்க வேண்டும். துருதத்தின் முதல் அட்சரத்தில் பெருவிரல் அந்த ஸவை மீட்டுகிறது; லகு தொடங்கும் மூன்றாம் அட்சரத்தில் திறந்த நான்காம் தந்தியின் பவை மீட்டுகிறது. ஐந்தாம் அட்சரத்தில் சுட்டுவிரல் மூன்றாம் தந்தியின் ஸவை மிக மெல்லத் தொட்டுச் செல்லலாம். தொடாமல் விட்டாலும் குறையில்லை. வகுப்பில் தொடையில் தட்டி எண்ணிய அதே தாளம் இப்போது பெருவிரலுக்குள் இருக்கிறது, தம்புராவின் ஸவும் பவும் அதோடு சேர்ந்தே வருகின்றன. இந்தப் பாட்டுக்குப் பேஸை ஸ, ப என்ற இரண்டையும் விட்டு அதிகம் அலைய விடக்கூடாது என்பது என் எண்ணம். கீழே த வைத்தால் மைனரின் சாயல் வந்து அழகாகத்தான் இருக்கும். ஆனால் மோகனத்தின் முகம் மாறிவிடும்.

இரண்டாம் வரிதான் கூடுதல் கவனம் கேட்கிறது. ரி ஸ த த ப , என்று மேல் ரியில் தொடங்கி, த ப க க ரி , என்று மத்திய ஸ்தாயி ரியில் வந்து நிற்கிறது. மேல் ரி முதலாம் தந்தியின் 5ஆம் ஃபிரெட், அதன்பின் அதே தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில் ஸ. தவும் பவும் முன்போலவே இரண்டாம் தந்தியில். வரியின் முடிவில் வரும் ரி மூன்றாம் தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் இருக்கிறது. மோகனத்தில் ரி, க, த மூன்றும் அசைவை ஏற்கும் சுரங்கள். வரி ஓயும் இடத்தில் ரியை அசையாமல் நிறுத்தினால், வாய்ப்பாட்டு கேட்டுப் பழகிய காதுக்கு அது மொட்டையாகப்படும். ஆனால் இடது கை ஆறாம் தந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அந்த அசைவைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. ஆகவே இந்த ஆவர்த்தனத்தில் மட்டும் பேஸ் ஸவை முதல் இரண்டு அட்சரங்களோடு விட்டுவிட்டு, மூன்றாம் அட்சரத்திலும் ஐந்தாம் அட்சரத்திலும் திறந்த நான்காம் தந்தியின் பவையே வைக்கிறேன். இடையில் வரும் க க இரண்டும் திறந்த தந்தி. அந்த இரண்டு அட்சர நேரத்தில் இடது கைக்கு எந்த வேலையும் இல்லை. அது ஆறுதலாக மூன்றாம் தந்திக்கு வந்து, 2ஆம் ஃபிரெட்டில் ரியை அழுத்தி, 4ஆம் ஃபிரெட்டின் கவை நோக்கி ஒருமுறை வழுக்கித் திரும்பப் போதிய நேரம் கிடைக்கிறது.

இங்கே இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. திறந்த இரண்டாம் தந்தியில் மீட்டிய க, ரி வந்த பிறகும் ஒலித்துக்கொண்டே இருக்கும். இம்முறை இரண்டும் வேறு வேறு தந்தி என்பதால் அது தானாக ஓயாது. சுட்டுவிரல் மூன்றாம் தந்தியில் ரியை மீட்டும் அதே கணத்தில் நடுவிரல் இரண்டாம் தந்தியின் மேல் வந்து அமர்ந்து அதை அணைக்க வேண்டும். நான் அறிந்த டேப்லேச்சர்களில் இந்த அணைப்பு எழுதப்படுவது மிக அரிது. என் தாளில், மேலே உள்ள சுர வரியில் இரண்டாவது கவுக்குப் பின்னால் ஒரு சிறு நிலைக்கோட்டைப் போட்டு, கீழே ஆறு கோடுகளில் இரண்டாம் தந்தியின் மேல் அதே கோட்டை நடுவிரலுக்கான ந என்ற எழுத்தோடு வரைந்து வைத்திருக்கிறேன்; மூன்றாம் வரியிலும் த ப க க ரி , மறுபடி வருவதால், அங்கேயும் அதே குறியைப் போட வேண்டியிருக்கிறது.